வயிற்றுத் தகட்டில் தண்ணீர் ஒருவழியாக நின்றது

நாலாவது ஞாயிற்றுக்கிழமை. எங்கள் சின்ன விமானத்தின் பின் இருக்கைக்குக் கீழே, வயிற்றுத் தகட்டின் உட்பக்கத்தில் தெளித்த தண்ணீர் 30 விநாடி முத்து முத்தாகப் பிரியாமல் ஒரே ஏடாகப் படர்ந்து நின்றது. அப்படி நின்றால் தகட்டில் எண்ணெய்ப் பசை இல்லை, பூச்சு ஒட்டும் என்று அர்த்தம். இதைப் பார்க்கத்தான் ஒரு மாதமாக முட்டி போட்டுக் கிடந்தேன்.

நாங்கள் மூன்று பேர் பங்கு போட்டு வைத்திருக்கும் செஸ்னா 172எம், 1975-ல் செய்தது. சிங்கப்பூரில் செலேத்தார் விமான நிலையத்தில் நிற்கிறது, ஜொகூர் நீரிணை பக்கத்திலேயே, காற்றில் உப்பு. அந்தக் காலத்து 172-க்கு உள்பக்கப் பிரைமர் (அரிப்பைத் தடுக்கும் அடிப்பூச்சு) வேண்டுமென்றால் தனியாகக் காசு கட்ட வேண்டும், முதல் சொந்தக்காரர் கட்டவில்லை. கதவு ரப்பர் வழியாக மழைத்தண்ணீர் இறங்கி, பழைய கண்ணாடிப் பஞ்சு ஈரத்துணி மாதிரி ஊறிக் கிடந்தது. அதைப் பிய்த்தால் ரிவெட் வரிசை ஓரமாக வெள்ளையாக உப்புப் பூத்து, புளிக்குழம்பை ராத்திரி முழுக்க வைத்த அலுமினியச் சட்டி மாதிரி குழிக்குழியாக இருந்தது.

எஞ்சினியர் அண்ணன் குழி ஆழத்தை அளந்து பார்த்து, தகடு மாற்ற வேண்டாம், சுத்தம் செய்து பூசினால் போதும் என்றார். அந்த ஒரு வார்த்தையில் பல ஆயிரம் வெள்ளி மிச்சம். தகட்டு விலை ஒன்றும் பெரிதில்லை, ரிவெட்டைத் துளைத்தெடுத்துத் திரும்ப அடிக்கிற மணிக்கூலிதான் ஆளை விழுங்கும். தேய்க்கிற வேலையை அவர் மேற்பார்வையில் நானே செய்தேன். மெரூன் ஸ்காட்ச்-பிரைட் தேய்ப்பு நார் மட்டும்தான், இரும்பு நார் பக்கமே போகவில்லை. 0.8 மி.மீ. தகட்டில் அரிப்பைத் தடுக்கிற சுத்த அலுமினியப் படலம் பக்கத்துக்கு 5 சதவீதம், அதாவது 0.04 மி.மீ., வேகமாகத் தேய்த்தால் அதுவும் போய்விடும்.

இனி இந்தத் தண்ணீர் விஷயம். அசிட்டோன் போட்டுத் துடைத்துத் தெளித்தால் ஐந்து நிமிடம் நன்றாக இருக்கும், அப்புறம் சரியாக ரிவெட் வரிசையை ஒட்டித் தண்ணீர் விலகும். கையுறை மாற்றினேன், துணி மாற்றினேன், காய்ச்சி வடித்த தண்ணீர் வாங்கினேன், இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது வாரம் அண்ணன் குனிந்து பார்த்துவிட்டு, "தம்பி, எண்ணெய் உன் கையில இல்ல, தகட்டு இடுக்குல இருந்து வருது" என்றார். முன்பு யாரோ அடித்த ஏசிஎஃப்-50 என்ற அரிப்புத் தடுப்பு எண்ணெய்! இரண்டு தகடு சேரும் இடுக்கில் ஊர்ந்து போய் ஈரத்தை வெளியேற்றுவதுதான் அதன் வேலை, ஆனால் துடைத்த இடத்துக்கும் அது ஊர்ந்து வந்தால் அலோடினும் (பிரைமருக்கு முன் தடவுகிற குரோமிய ரசாயனம்) பிடிக்காது, பிரைமரும் ஒட்டாது.

செய்தது இதுதான்: ஹேர் டிரையரால் கை பொறுக்கிற சூடு வரை தகட்டைச் சூடாக்கினால் எண்ணெய் இளகிக் கசியும், நூல் உதிராத துணியை இடுக்கில் அழுத்தி உறிஞ்ச வேண்டும், பிறகு டிரையரைப் பிடுங்கிவிட்டு, தகடு முழுசாக ஆறின பிறகுதான் அசிட்டோன். இந்த ஆறுகிற நேரத்தில் அவசரப்படாதீர்கள், கேபினுக்குள் தேங்கும் அசிட்டோன் ஆவி சூட்டில் பற்றிக்கொள்ளும். போன வாரம் ஏழு சுற்று, இன்று ஒன்பது சுற்று. இடுக்கின் ஆழத்தில் இருக்கிற எண்ணெய் அங்கேயே இருக்கட்டும், அது நல்லதுதான்.

தண்ணீர் நின்றதும் காயவிடாமல் அலோடின் தடவினேன். இரண்டரை நிமிடத்தில் வெளிர் தங்க நிறம். இன்னும் விட்டால் பழுப்பாகிப் பொடியாக உதிரும். அலசின தண்ணீரில் குரோமியம் இருப்பதால் வடிகால் துளைகளுக்குக் கீழே தொட்டி வைத்துப் பிடித்து, ஹேங்கர் கழிவு எடுப்பவரிடம் கொடுக்க மூடி வைத்திருக்கிறேன். சாக்கடையில் ஊற்றாதீர்கள்.

அசிட்டோன், கையுறை எல்லாம் ஜாலான் புசார் பக்கமே கிடைத்தது. ஏசிஎஃப்-50 ஸ்ப்ரே டப்பா ஆபத்தான சரக்கு வகை என்பதால் விமானத்தில் அனுப்பக் கேட்கிற காசு டப்பா விலையைத் தாண்டுகிறது. கப்பலில் வரவழைக்கிறேன், யாருக்காவது வேண்டுமென்றால் சேர்ந்து வாங்கலாம்.

அடுத்து எஞ்சின். எங்கள் லைகாமிங் ஓ-320 எஞ்சினில் வால்வுகளைத் திறக்கிற கேம் ஷாஃப்ட் மேலே இருக்கிறது, பறக்காமல் நின்றால் எண்ணெய் வடிந்து அதில் துரு ஏறும். தரையில் சும்மா ஓட்டினால் ஈரம்தான் சேரும். மீன் தொட்டிப் பம்ப்போடு ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் டப்பாவைக் கோர்த்து பிரீதர் (எஞ்சின் மூச்சுக் குழாய்) வழியாக உலர்ந்த காற்று விடலாமா என்று அண்ணனிடம் கேட்டிருக்கிறேன்.

பிரைமர் இன்னும் அடிக்கவில்லை, மூன்று மணிக்கு இடி மழை பிடித்துக்கொண்டது. அலோடின் போட்டு ஒரு நாளுக்குள் அடித்துவிட வேண்டும், அதனால் நாளை காலை அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டேன்.