வள்ளிமலையில் அத்தையின் வேண்டுதல்

என் மகளுக்கு வரன் அமையாமல் மூன்று வருடம் இழுத்துக்கொண்டிருந்த சமயத்தில், என் மாமியார் யாரிடமும் சொல்லாமல் வேலூர் பக்கத்து வள்ளிமலை முருகனுக்கு வேண்டிக்கொண்டுவிட்டார். கல்யாணம் முடிந்தால் படியேறி வந்து தேனும் தினைமாவும் படைப்பதாக. அதோடு விட்டிருக்கலாம். யார் கையையும் பிடிக்காமல் ஏறுவதாகவும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். அத்தைக்கு 74 வயது, இரண்டு முட்டியும் தேய்ந்துபோய் வாசற்படி இறங்கவே சுவரைப் பிடிப்பவர்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. ஆடிக்கிருத்திகைக்கே போகவேண்டும் என்று பிடிவாதம். "கூட்டமா இருக்கும் அத்தை, கிருத்திகை கழிச்சுப் போலாமே" என்றேன். "கேக்கும்போது கூட்டத்தைப் பாத்தா கேட்டேன்?" என்றார். அப்புறம் நான் வாயைத் திறக்கவில்லை.

விடியற்காலையில் சத்துவாச்சாரியிலிருந்து கிளம்பி, காட்பாடி தாண்டி, சேர்க்காடு கூட்ரோடு வழியாகப் போய்ச் சேர்ந்தபோதே அடிவாரத்தில் வண்டி நிறுத்த இடமில்லை. யாரோ ஒருவர் ரசீதும் இல்லாமல் 100 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு முள்செடி ஓரமாக நிறுத்தச் சொன்னார். அடுத்து தோளில் துண்டு போட்ட இன்னொருவர். "பெரியம்மாவுக்கு வயசாச்சு. வரிசையே இல்லாம நேரா சாமி முன்னாடி நிறுத்துறேன், தலைக்கு 500." என் கணவர் பர்ஸை எடுக்கவே ஆரம்பித்துவிட்டார். அத்தைதான் தடுத்தார். "முருகனே வள்ளிகிட்ட கெஞ்சிக்கிட்டு நின்ன மலை இது. நான் நிக்க மாட்டனா?"

சரவணப் பொய்கையில் கால் நனைத்துவிட்டு ஏறத் தொடங்கினோம். 400-க்கும் மேல் படிகள். அத்தை பத்துப் படிக்கு ஒருமுறை உட்கார்ந்தார். நான் ஒரு படி கீழேயே, விழுந்தால் தாங்கிக்கொள்ளும் தூரத்தில், ஆனால் தொடாமல் வந்தேன். எதிரே இறங்கி வந்த பையன்கள் "பாட்டி, கையக் குடுங்க" என்று நீட்டும்போதெல்லாம் அத்தை சிரித்துத் தலையை ஆட்டிவிடுவார்.

பாதிக்கு மேல் வந்திருப்போம். ஒரு குரங்கு பாறை மேலிருந்து குதித்து, அத்தை மடியில் வைத்திருந்த பையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. தேங்காய் போனால் போகட்டும். தினைமாவும் அதில்தான் இருந்தது. அத்தையே முதல் நாள் தினையை வறுத்து, இடித்து, சலித்து எடுத்து வைத்தது. கண்ணெதிரிலேயே அது பொட்டலத்தைக் கிழித்துத் தின்றது. முட்டி வலிக்கு அழாதவர் அதைப் பார்த்து அழுதார். "நான் என்ன குத்தம் செஞ்சேன்? மாவு வேண்டாம்னு வள்ளிதான் குரங்க அனுப்பிட்டாளா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. தேன் பாட்டில் மட்டும் என் கைப்பையில் தப்பியிருந்தது.

மேலே வரிசையில் இரண்டு மணி நேரம். குழந்தைகள் அழுகை, காவடிகள், நகருங்க நகருங்க என்ற சத்தம். பாறையைக் குடைந்த சன்னிதிக்குள் நுழைந்ததும் அந்த ஆடிப் புழுக்கத்திலும் காலடியில் ஒரு குளிர்ச்சி. எண்ணெய்ப் புகையும் விபூதி மணமும் கலந்து வந்தன.

குமரி வள்ளி முன்னால் அத்தை நின்றுவிட்டார். கவண் பிடித்துக் கிளி ஓட்டிய பெண், மேல்பாடிப் பக்கத்து வள்ளிக்கிழங்குக் குழியில் கிடைத்தவள், எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் அவள் ஊர்ப்பெண்தான். அத்தை அவளிடம் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் பேசுவதுபோலப் பேசினார். "நீயாவது கட்டிக்கிட்டு இங்க இருக்கற திருத்தணிக்குப் போன. எங்க பொண்ணு கோயம்புத்தூர் போயிருக்கா. மாமியார் வீட்டுல வாய் பேசத் தெரியாது. பாத்துக்கோடியம்மா."

பின்னால் இருந்தவர்கள் தள்ளினார்கள். நான் மூன்று வருடமாக மனசுக்குள் எழுதிவைத்திருந்த பட்டியல் ஒன்று இருந்தது, வீட்டுக்கடன், கணவரின் சர்க்கரை, மகனின் வேலை. ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. தேனை வாங்கிக்கொண்ட குருக்கள் முருகனுக்குத் தீபாராதனை காட்டினார். வள்ளி திருமாலின் மகள் அல்லவா, பெருமாள் கோயில் மாதிரி இங்கே முருகன் சன்னிதியிலும் தலையில் சடாரி வைப்பது உண்டு. அது தலையில் பட்ட நொடியில் தேம்பி அழுதுவிட்டேன். எதற்கு என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. நல்லபடியாக நடந்துவிட்டதே, நல்லபடியாக நடந்துவிட்டதே என்று அதுமட்டும்தான் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

வெளியே வரும்போது குருக்கள் அத்தை உள்ளங்கையில் பிரசாதம் வைத்தார். தேன் விட்டுப் பிசைந்த தினைமாவு. அத்தை அதை உடனே சாப்பிடவில்லை. கையை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். பாதியைப் பேத்திக்கென்று முந்தானையில் முடிந்துகொண்டார்.

கணவர் சமணர் குகையைப் பார்க்கப் போனார். கங்க மன்னன் இராசமல்லன் 9-ஆம் நூற்றாண்டில் அமைத்தது என்று கல்வெட்டு இருக்கிறதாம், தீர்த்தங்கரர்களைப் படம் எடுத்து வந்து காட்டினார். திருப்புகழ் சுவாமிகள் என்ற சச்சிதானந்த சுவாமிகளின் ஆசிரமமும் சூரியன் காணாத சுனையும் இன்னும் மேலே. அத்தைக்கு அதற்கு மேல் கால் வரவில்லை, நானும் போகவில்லை. பாறை விளிம்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். கீழே பச்சை வயல்கள், தென்னை, பொன்னையாற்று மணல், ஆந்திரா பக்கம் அடுக்கடுக்காக மலைகள். காற்று புடவையைப் பறித்தது. வள்ளி பரண் போட்டு உட்கார்ந்தால் இப்படித்தான் எல்லாம் தெரிந்திருக்கும் என்றார் அத்தை. பொட்டலத்தைப் பறித்த அதே குரங்கோ வேறொன்றோ, பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. "தின்னுட்டியா? நல்லா இருந்துதா?" என்று அதையும் விசாரித்தார்.

இறங்க எழுந்தபோது தானாகவே என் பக்கம் கையை நீட்டினார். நான் தயங்கினேன்.

"ஏறும்போதுதாம்மா வேண்டிக்கிட்டேன்" என்றார்.