இரண்டு சக்கரமும் ஒரே பக்கம்

சுங்கை காடுட்டில் நான் வேலை பார்த்த பட்டறைக்கு வருவதெல்லாம் டிப்பரும் கான்கிரீட் மிக்சரும்தான். ஒருநாள் காலை டிரெய்லரில் ஒரு பச்சை வண்டி வந்து இறங்கியது. ஜெர்மன் ராணுவம் ஓட்டிக் கழித்த யுனிமோக், யு 1300 எல். ஏலத்தில் எடுத்த ஒருவர் கலிமந்தானில் இருக்கும் தன் தோட்டத்துக்கு அனுப்புகிற வழியில் எங்களிடம் விட்டிருந்தார். சிங்கப்பூர் ரோட்டில் ஓடப்போவதில்லை, அதனால் அங்கே வண்டி வைத்திருக்க வாங்க வேண்டிய சிஓஇ உரிமச் சீட்டுத் தலைவலி கிடையாது. கப்பலில் தானாக ஏற வேண்டும், அங்கே சேற்றில் இறங்கி ஏற வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது.

வேலைத் தாளில் இரண்டே வரி: திரும்பும்போது முன்பக்கம் டக் டக் சத்தம். ஸ்டீரிங் கனம்.

இந்த இரண்டாவது வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

எங்கள் ஃபோர்மேன் அண்ணன் செம்பவாங்கில் பிறந்து வளர்ந்தவர். தேசிய சேவையில் வண்டிப் பட்டறையில் இருந்தவர் என்பதால் ராணுவ வண்டி என்றாலே முகத்தில் ஒரு களை வந்துவிடும். பச்சை பெயின்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது மொதல்ல உழவு வண்டி தெரியுமா?" என்றார். உண்மைதான். போர் முடிந்த கையோடு ஜெர்மனியில் விவசாயத்துக்காக உருவாக்கியது யுனிமோக். முதல் வண்டியில் சக்கரங்களின் இடைவெளி 1270 மில்லிமீட்டர். இரண்டு வரிசை உருளைக்கிழங்குக்கு அளந்து வைத்த கணக்கு. 1951 முதல் மெர்சிடிஸ் அதைக் காகெனௌ என்ற ஊரில் செய்தது. ராணுவம் வந்து சேர்ந்தது அப்புறம்தான். எங்களிடம் வந்ததில் ஆறு சிலிண்டர், 130 குதிரைச் சக்தி டீசல் எஞ்சின். சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது. எஞ்சினைப் பற்றி அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

முன்னச்சுதான் கதை. சாதாரண லாரியில் ஆக்சில் ஷாஃப்ட் நேராகச் சக்கரத்தின் மையத்துக்குப் போகும். இதில் ஷாஃப்ட் மையத்துக்கு மேலே வந்து நிற்கிறது. ஹப்புக்குள் ஒரு சின்ன பல்சக்கரத்தை அது சுற்ற, அது கீழே இருக்கும் பெரிய பல்சக்கரத்தைச் சுற்றுகிறது. சக்கரம் மாட்டியிருப்பது அந்தப் பெரியதில். போர்ட்டல் ஆக்சில் என்பார்கள். அச்சின் நடுவில், வளைவில் இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுகிற டிஃபரன்ஷியல் பானை தரையை விட்டு நன்றாக உயர்ந்து நிற்கும், கல்லும் கட்டையும் இடிக்காது. கூடவே இன்னொரு லாபமும் உண்டு. கடைசிக் குறைப்பு ஹப்பிலேயே நடப்பதால் ஷாஃப்ட்டுக்கு வரும் முறுக்கு குறைவு. ஒல்லி ஷாஃப்ட்டே தாங்கும்.

அப்படித் தாங்க வேண்டிய இடது ஷாஃப்ட்தான் உடைந்திருந்தது. ஸ்டீரிங் திருப்பும் இடத்தில் இருக்கும் இரட்டை ஜாயிண்ட்டில் சிலுவை மாதிரி இருக்கும் ஒரு கிராஸின் கை முறிந்து, அது ஆடிய ஆட்டத்தில் உள்பக்க ஆயில் சீல் கிழிந்து, ஊசி பேரிங்கின் ஊசிகள் டிஃபரன்ஷியலுக்குள் போய்விட்டன. அடிப் பிளக்கைக் கழற்றியதும் வந்த ஆயில் தே தாரிக், அதாவது பால் டீ நிறத்தில் இருந்தது. தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். பிளக்கின் காந்தத்தில் இரும்புத் தூள் முள்ளம்பன்றி மாதிரி சிலிர்த்துக்கொண்டு நின்றது. டிஃபரன்ஷியலின் பெரிய பல்சக்கரமான கிரவுனில் இரண்டு பல் ஓரம் சிதைந்திருந்தது.

அச்சையே முழுதாகக் கீழிறக்கி உருட்டி வெளியே எடுத்தோம். பேரிங்கும் ஆயில் சீலும் ஜாலான் புசார் கடைகளில் கிடைத்தன. பேரிங்கின் ஓரத்தில் பொறித்த நம்பரைக் காட்டினால் போதும், கடைக்காரப் பெரியவர் ஏணியில் ஏறி எடுத்துவிடுவார். கிரவுனும் அதைச் சுற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனும் ஜெர்மனியிலிருந்து வர மூன்று வாரம் ஆனது. அவை ஜோடியாகவே வரும், இரண்டிலும் ஒரே எண் பொறித்திருக்கும். ஒன்றை மட்டும் மாற்றுவது, நல்ல செருப்பில் ஒரு காலை மட்டும் வாங்கியது மாதிரி.

அந்த ஜோடியை உட்கார வைத்த இரண்டு நாளும் நான் மிகவும் ரசித்துச் செய்த வேலை. பல்லில் பிரஷ்யன் நீலத்தை மெல்லிசாகத் தடவி, கையால் சுற்றி, எங்கே அச்சு விழுகிறது என்று பார்க்க வேண்டும். பல்லின் நுனியில் விழுந்தால் பினியன் தள்ளி இருக்கிறது, ஷிம் என்ற மெல்லிய தகட்டு வளையத்தைக் கூட்ட வேண்டும். அடியில் விழுந்தால் உள்ளே போய்விட்டது, ஷிம் குறைக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் பேரிங்கை இழுத்து, ஷிம் மாற்றி, திரும்ப அடித்து ஏற்றி, திரும்ப நீலம். ஷிம் ஒவ்வொன்றும் காகிதம் மாதிரி. நாலாவது தடவை பல்லின் நடுவில், வேப்பிலை அளவுக்கு அச்சு விழுந்தது. டயல் கேஜ் முள்ளும் சொன்ன இடத்தில் நின்றது. அண்ணன் குனிந்து பார்த்து, ஒன்றும் சொல்லாமல் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அன்று இரவு டார்மிட்டரியில் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். புதுக்கோட்டையில் ஐடிஐ படித்தபோது கரும்பலகையில் பார்த்த படம் அன்றுதான் என் கைக்கு வந்தது.

அந்தச் சந்தோஷம்தான் கண்ணை மறைத்தது என்று நினைக்கிறேன்.

அச்சை மாட்டி, ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு இடது சக்கரத்தைக் கையால் சுற்றினேன். வலது சக்கரமும் அதே பக்கம் சுற்றியது. இந்த வண்டியில் நாலு சக்கர டிரைவ் போடாதபோது முன்னச்சுக்கு விசை கொண்டுவரும் முன் டிரைவ் ஷாஃப்ட் எதிலும் கோக்காமல் இருக்கும். அப்போது புது பேரிங், புது சீல், கெட்டி ஆயில் என்று எல்லாம் இறுக்கமாக இருந்தால் இரண்டும் சேர்ந்து சுற்றக்கூடும். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகக் கட்டிப்போடுகிற டிஃப் லாக் விழுந்திருக்குமோ என்று ஒரு நொடி தோன்றியது. டேஷ்போர்டைப் பார்த்தேன். லாக் விளக்கு எரியவில்லை. சரிதான் என்று விட்டுவிட்டேன்.

முற்றத்தில் ஓட்டிப் பார்த்தோம். கான்கிரீட் தரை, மழை பெய்து காய்ந்திருந்தது. நேராகப் போகும்போது சத்தமே இல்லை. முழுதாக ஒடித்துத் திருப்பினேன். ஸ்டீரிங் கல்லாக இருந்தது. உள்பக்க டயர் தரையில் இழுபட்டுக் கீச்சென்றது. அப்புறம் கீழிருந்து ஒரே ஒரு டக். அண்ணன் ஓடி வந்து கதவில் அடித்தார். "நிப்பாட்டு! எறங்கு!"

வண்டிக்குக் கீழே மல்லாந்து படுத்து டார்ச் அடித்தார். வெளியே வராமலே கேட்டார். "லாக்கைத் தள்ற காத்து சிலிண்டரு, அதைத் தொறந்தியா?"

திறக்கவில்லை. கழற்றினேன், வெளியே துடைத்தேன், துணியில் சுற்றித் தட்டில் வைத்தேன், திரும்ப மாட்டினேன். மேசையில் டிஃபரன்ஷியலைப் பிரித்திருந்தபோது லாக் கிளட்ச் வெண்ணெய் மாதிரி அங்குமிங்கும் நகர்ந்தது. அதை நகர்த்துகிற ஆளை மட்டும் நான் பார்க்கவே இல்லை.

அன்று சாயங்காலம் திறந்தோம். துரு நிறத்தில் தண்ணீர் வழிந்தது, ஒரு கோப்பி டம்ளரில் பாதி இருக்கும். பிஸ்டன் லாக் பக்கமே தள்ளியபடி துருப்பிடித்து நின்றது. அதை இழுத்துவர வேண்டிய ஸ்பிரிங்குக்குச் சத்து இல்லை. காற்று அழுத்தும்போது காற்றிலிருக்கும் ஈரம் தண்ணீராகி டேங்கில் தங்கும். அவ்வப்போது வடிகால் திறந்துவிடாவிட்டால் அது குழாயோடு போய்க் கடைசி மூலையில் உட்கார்ந்துகொள்ளும். இந்த வண்டி எத்தனை வருஷம் எந்த மைதானத்தில் நின்றதோ! விளக்கின் ஒயர் பச்சைக் களிம்பேறி எப்போதோ அறுந்திருந்தது. அதாவது லாக் விழுந்தபடியே, விளக்கு எரியாமலே, கெட்டித் தரையில் யாரோ திருப்பித் திருப்பி ஓட்டியிருக்கிறார்கள். வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் போகணும், உள்சக்கரம் கொஞ்ச தூரம்தான். லாக் இரண்டையும் கட்டிப்போட்டால் அந்தச் சண்டையெல்லாம் ஷாஃப்ட் மேல்தான் விடியும். சேற்றில் சக்கரம் வழுக்கிக்கொடுத்துவிடும். கான்கிரீட் கொடுக்காது.

இதைத்தான் ஸ்டீரிங் கனம் என்று வேலைத் தாளில் எழுதியிருந்தார்கள். உடைந்ததை மூன்று வாரம் காத்திருந்து மாற்றினோம். உடைத்தது தட்டில் துணிக்குள் இருந்தது.

புது ஜாயிண்ட் தப்பியதா என்று பார்க்க இரண்டு பக்க ஹப்பையும் மறுபடி இறக்க வேண்டியதாயிற்று. தப்பியிருந்தது. அந்த ஒரு நாள் கூலியை வண்டிக்காரர் பில்லில் போடக்கூடாது என்று அண்ணன் பட்டறை முதலாளியான தவுக்கேயிடம் சொன்னார். தவுக்கே என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம். அண்ணன் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது.

சிலிண்டரைத் தேய்த்து, புது ரப்பரும் புது ஸ்பிரிங்கும் போட்டு, காற்று விட்டுப் பத்துத் தடவை தள்ளியும் விட்டும் பார்த்தோம். ஒயரையும் மாற்றினோம். மறுபடி ஸ்டாண்டில் தூக்கிய பிறகு அண்ணன் வண்டிக்குள் ஏறி, கியரையும் நாலு சக்கர டிரைவையும் போட்டு, முன் டிரைவ் ஷாஃப்ட் சுற்றாதபடி செய்தார். அது நின்றிருக்க, லாக் விடுபட்டிருந்தால் ஒரு சக்கரத்தைச் சுற்றும்போது மற்றது எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும்.

"இப்ப சுத்து."

இடது சக்கரத்தை முன்பக்கம் சுற்றினேன். வலது சக்கரம் பின்பக்கம் சுற்றியது.

"இன்னொரு தடவை" என்றார். சுற்றினேன். அப்புறம்தான் கீழே இறங்கி வந்து, கையைத் துடைத்துக்கொண்டே, "தே ஓ ஒண்ணு வாங்கிட்டு வா தம்பி, சீனி கம்மியா" என்று பாலில்லாத டீ கேட்டார்.