வெர்மிலியன் பாறைச்சுவரின் அடிவாரச் சாலை

அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் தென்விளிம்பைப் பார்த்தவர்கள் வடவிளிம்புக்கும் போக விரும்பினால், நேர்க்கோட்டில் அளந்தால் சுமார் 16 கிலோமீட்டரே இருக்கும் இடைவெளிக்காக ஏறத்தாழ 345 கிலோமீட்டர் சுற்றிச் செல்ல வேண்டும். அரிசோனா மாநிலத்தின் வடகோடியில் செல்லும் அந்தச் சுற்றுவழியின் ஒரு பகுதிதான் 89ஏ நெடுஞ்சாலை. பிட்டர் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில் தொடங்கி ஜேக்கப் லேக் வரை சுமார் 90 கிலோமீட்டர் நீளும் இந்தப் பகுதியை ஒரு மணி நேரத்தில் கடந்துவிடலாம். பெரும்பாலான பயணிகள் அப்படித்தான் கடந்துவிடுகிறார்கள். நானும் என் மனைவியும் அதற்கு ஒரு பகல் முழுவதையும் ஒதுக்கினோம். இந்தச் சாலைக்கு அதைவிடக் குறைவாக ஒதுக்குவது நியாயமாகாது என்பது என் உறுதியான கருத்து.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிராண்ட் கேன்யனின் விளிம்பில் நாம் நிற்கும் வெளிர்நிறப் பாறை, சுமார் 27 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழமற்ற கடலின் அடியில் படிந்த கைபாப் சுண்ணாம்புப் பாறை. அங்கே அதற்கு மேல் அநேகமாக எதுவும் எஞ்சியிருக்கவில்லை. பிற்காலத்தில் படிந்த அடுக்குகளையெல்லாம் நீரும் காற்றும் அரித்துக்கொண்டு போய்விட்டன. 89ஏ சாலையிலோ அதே சுண்ணாம்புப் பாறை நம் வண்டிச் சக்கரங்களுக்குக் கீழே தரையாகக் கிடக்கிறது, இழந்துபோன அந்த அடுக்குகள் வலப்பக்கத்தில் 3,000 அடி உயரம் வரை வெர்மிலியன் பாறைச்சுவராக எழுந்து நிற்கின்றன. கிராண்ட் கேன்யன் என்னும் கட்டடத்தின் மேல்மாடி இங்கேதான் இருக்கிறது.

நாங்கள் காலையிலேயே கிளம்பியதற்கும் ஒரு காரணம் உண்டு. சாலையின் முதல் பாதியில் பாறைச்சுவர் தென்கிழக்கைப் பார்த்து நிற்பதால் காலை வெயில் அதன் முகத்தில் நேராக விழுகிறது. மாலைக்குள் அதே முகம் நிழலில் மங்கிவிடும். பிட்டர் ஸ்பிரிங்ஸில் பிரதானச் சாலை வலப்புறம் திரும்பி எக்கோ கிளிஃப்ஸ் மலைச்சுவரில் ஏறிப் பேஜ் நகரத்துக்குப் போகிறது. நேராக வடக்கே நீளும் 89ஏவில் நவாஹோ என்னும் பூர்வகுடி மக்களின் நிலப்பரப்பு வழியாகச் செல்லும்போது, மரமே இல்லாத சமவெளியின் முடிவில் சிவந்த சுவர் மெல்ல உயர்ந்து வருவதைக் காணலாம்.

சுமார் 22 கிலோமீட்டரில் கொலராடோ ஆறு குறுக்கிடுகிறது. அருகில் போகும்வரை அங்கே ஓர் ஆறு ஓடுவதற்கான அறிகுறியே தெரியாது. சமவெளி திடீரெனப் பிளந்து, அந்தப் பிளவின் மேல் இரண்டு எஃகுப் பாலங்கள் அருகருகே நிற்கின்றன. 1929இல் திறக்கப்பட்ட பழைய நவாஹோ பாலத்தின் சாலை 18 அடி அகலமே உடையது. 1995இல் புதிய பாலம் வந்த பிறகு பழையதை நடந்து செல்பவர்களுக்கு விட்டுவிட்டார்கள். அதன் நடுவில் நின்று கீழே பார்த்தால் 467 அடி ஆழத்தில் ஆறு தெளிந்த பச்சை நிறத்தில் ஓடுகிறது. ஆற்றின் மேல்போக்கில் உள்ள கிளென் கேன்யன் அணையில் 1963 முதல் வண்டல் தேங்கிவிடுவதால் வந்த நிறம் அது. கோடையில் செல்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: நவாஹோ நிலப்பரப்பில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி வைக்கிறார்கள், அரிசோனாவின் மற்ற பகுதிகளில் அந்த வழக்கம் இல்லை. ஆகவே பாலத்தின் இரு கரைகளிலும் நேரம் வேறுபடும்.

பாலம் வருவதற்கு முன், ஆற்றின் மேல்போக்கில் சில கிலோமீட்டர் தள்ளியுள்ள லீஸ் ஃபெர்ரியில் படகில்தான் கடக்க வேண்டியிருந்தது. பாலத்தின் வேலை நடந்துகொண்டிருந்த 1928ஆம் ஆண்டிலேயே அந்தப் படகு கவிழ்ந்து மூவர் இறந்தனர். படகுப் போக்குவரத்து அதன்பின் மீண்டும் தொடங்கவில்லை. எதிர்க்கரைக்கு வேண்டிய கட்டுமானப் பொருள்களை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் சுற்றிக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. பாலத்தில் நடக்கையில் அதன் கம்பிகளை நான் இந்த எண்ணத்துடன்தான் தொட்டுப் பார்த்தேன்.

லீஸ் ஃபெர்ரிக்குப் பிரியும் கிளைச்சாலையைத் தவறவிடக் கூடாது. பாறைகளைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்க இதைவிட நல்ல இடம் இந்த வழியில் இல்லை. அடிவாரத்தில் இருப்பது மோயன்கோப்பி எனப்படும் செம்பழுப்பு நிறச் சேற்றுப்பாறை. சாலையோரம் சரிந்து கிடந்த ஒரு பலகைக்கல்லின் மேல் விரல் தடிமனில் வரிவரியாக மேடும் பள்ளமும் ஓடின. ஆழமில்லாத நீர் அலைந்து அலைந்து சேற்றில் பதித்த சுவடுகள், 20 கோடி ஆண்டுகளுக்கும் மேலாக அப்படியே கல்லாகி இருக்கின்றன. அதே இடத்தில் வீடளவு பெரிய பாறாங்கற்கள் ஒல்லியான மண்தண்டுகளின் மேல் நிற்கின்றன. மேலிருந்து உருண்டு விழுந்த கடினமான கல் தன் கீழுள்ள மென்மையான மண்ணை மழையிலிருந்து மறைத்துக் காக்கிறது. சுற்றியிருக்கும் மண் மட்டும் கரைந்து போகிறது.

அதற்கு மேல் இருப்பது சின்லே அடுக்கு. ஊதா, சாம்பல், மங்கிய பச்சை எனப் பட்டை பட்டையாகத் தெரியும் இதில் எரிமலைச் சாம்பல் கலந்திருப்பதால், ஈரம்பட்டால் உப்பி, காய்ந்தால் உதிர்ந்துவிடும். இந்த மென்மையான அடிப்பகுதி நழுவ நழுவ, அதன் மேல் நிற்கும் கடினமான மணற்பாறை பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுகிறது. பாறைச்சுவர் தேய்ந்து சரிவாகிவிடாமல் என்றும் செங்குத்தாகவே நிற்பதன் இரகசியம் இதுதான். 2013 பிப்ரவரியில் பேஜுக்கு ஏறும் பிரதானச் சாலை நிலச்சரிவில் உடைந்து, 2015 வரை மூடிக் கிடந்தது. இந்த அடுக்குகள் இன்றும் நகர்ந்துகொண்டிருக்கின்றன என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. சுவரின் மேற்பகுதிக்குச் செந்தூர நிறத்தைக் கொடுப்பது மணல் துகள்களின் மேல் மெல்லிய பூச்சாகப் படிந்த இரும்பு ஆக்சைடு. உச்சியில் உள்ள நவாஹோ மணற்பாறை, சுமார் 18, 19 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே பரந்திருந்த வேறொரு பாலைவனத்தின் மணல்மேடுகள்.

இந்தச் சாலை ஏன் சுவரை ஒட்டியே போகிறது என்பதற்கும் அந்த மணற்பாறையே விடை. மேலேயுள்ள பரியா பீடபூமியில் பெய்யும் மழை அதனுள் ஊறி இறங்குகிறது. நீர் புகாத அடுக்கைத் தொட்டதும் அது பக்கவாட்டில் கசிந்து அடிவாரத்தில் சுனைகளாக வெளிப்படுகிறது. சுனை இருந்த இடங்களை இணைத்துத்தான் மனிதர் நடந்தனர். கலிபோர்னியாவுக்கு வழி தேடிப் புறப்பட்டுப் பாதியில் சாண்டா ஃபேவுக்குத் திரும்பிய தொமிங்கேஸ், எஸ்கலாந்தே என்ற ஸ்பானியப் பாதிரியார்கள் 1776 அக்டோபரில் இவ்வழியே வந்து முகாமிட்டார்கள். சாலையோரத்தில் அதற்கு ஒரு நினைவுப்பலகை இருக்கிறது. நூறு ஆண்டுகளுக்குப் பின், அரிசோனாவில் குடியேறிய மோர்மன் என்னும் சமயப் பிரிவைச் சேர்ந்த இளைஞர்கள் யூட்டா மாநிலத்தின் செயின்ட் ஜார்ஜ் ஆலயத்தில் தங்கள் திருமணத்தைப் புனிதப்படுத்திக்கொள்ள மாட்டுவண்டிகளிலும் குதிரைவண்டிகளிலும் இதே தடத்தில் சென்றார்கள். தேனிலவுத் தடம் என்றே அதற்குப் பெயர். நாங்கள் குளிரூட்டிய காரில் சில நிமிடங்களில் தாண்டிய இரண்டு சுனைகளின் இடைவெளி அவர்களுக்கு ஒரு நாள் பயணமாக இருந்திருக்கலாம்.

மேலும் மேற்கே ஹவுஸ் ராக் பள்ளத்தாக்கில் ஒரு மண்பாதை வடக்கே பிரிகிறது. அதில் சுமார் 3 கிலோமீட்டர் போனால் கலிபோர்னியா காண்டர் கழுகுகளைப் பார்ப்பதற்கென ஒதுக்கிய இடம் வரும். 1982இல் உலகம் முழுவதிலும் 22 மட்டுமே எஞ்சியிருந்த பறவை இது. கூண்டில் வளர்த்த ஆறு இளம் பறவைகளை 1996 டிசம்பரில் இந்தப் பாறைச்சுவரின் உச்சியிலிருந்துதான் விடுவித்தார்கள். தொலைநோக்கியில் பார்த்தபோது, வெள்ளைக் கழிவு வழிந்த விளிம்பொன்றில் அமர்ந்திருந்த பறவை, ஒன்பது அடிக்கும் அதிகமான இறக்கையை விரித்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது. இறக்கையில் எண் பொறித்த பட்டை தெளிவாகத் தெரிந்தது. வேட்டையாடிய விலங்கின் எச்சங்களில் கிடக்கும் ஈயக்குண்டுத் துகள்களைத் தின்று நஞ்சேறி இறப்பதே இவற்றுக்கு இன்றுள்ள பெரிய ஆபத்து. அதற்காகக் கைபாப் பகுதி வேட்டைக்காரர்களுக்கு ஈயமற்ற தோட்டாக்களை மாநில வனவிலங்குத் துறை இலவசமாக வழங்குவதையும், அவர்களில் பெரும்பாலோர் விரும்பி ஏற்பதையும் அறிந்தபோது மனம் நிறைந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முட்டை மட்டும் இடும் பறவைக்கு ஒவ்வோர் உயிரும் கணக்கில் வரும்.

பள்ளத்தாக்கைக் கடந்ததும் சாலை வளைந்து வளைந்து ஏறுகிறது. இத்தனை நேரம் தரையாகக் கிடந்த அதே கைபாப் சுண்ணாம்புப் பாறை இங்கே மடிந்து மேலெழுந்து பீடபூமியாகிறது. 7,900 அடி உயரத்தில் இருக்கும் ஜேக்கப் லேக்கை எட்டும்போது பாண்டெரோசா பைன் காடு சூழ்ந்துகொள்கிறது. ஏற்றத்தின் நடுவே வண்டியை நிறுத்திப் பார்க்க ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்தபோது பிற்பகல் சாய்ந்திருந்தது, பரியா பீடபூமியின் மேற்கு முகம் முழுவதும் வெயிலில் சிவந்திருந்தது. சமவெளியில் கொலராடோ அறுத்த பிளவு ஒரு கருங்கோடாகத் தெரிந்தது, அதன் கரையில் எங்கோ நாங்கள் காலையில் நின்ற பாலம்.

வடவிளிம்பிலிருந்து எதிர்த்திசையில் வருபவர்கள் இந்த இடத்தை மாலையில் பார்த்துவிட்டு, இரவு நவாஹோ பாலத்துக்கு அருகிலுள்ள மார்பிள் கேன்யனில் தங்கி, மறுநாள் விடிந்ததும் ஹவுஸ் ராக் வரை ஒருமுறை பின்னால் ஓட்டிச் சென்று திரும்புவது நல்லது. தண்ணீரும் எரிபொருளும் முன்னதாகவே நிரப்பிக்கொள்ளுங்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை மேகம் திரண்டால், ஓடைகளின் பக்கமோ மண்பாதைகளிலோ போகாமல் தார்ச்சாலையிலேயே இருங்கள்.