முற்பகலா, பிற்பகலா? பட்டாலியன் ஆபீஸில் என் முதல் இரண்டு வருஷம்

2022 ஜூலை 24-ல் குரூப் 4 எழுதினேன். ரிசல்ட் அடுத்த மார்ச்சில் வந்தது. கவுன்சிலிங்குக்குச் சென்னை போகும்போது மனசில் இருந்தது வருவாய்த்துறைதான். என் ரேங்க் வருவதற்குள் அது கைவிட்டுப் போயிற்று. திரையில் மிச்சம் இருந்ததில் காவல் துறையை எடுத்தேன். விஷயம் கேட்டதும் அப்பா, "துப்பாக்கி குடுப்பாங்களாம்மா?" என்றார். இளநிலை உதவியாளருக்குச் சீருடையே கிடையாது என்று அவருக்குப் புரியவைக்க ஒரு வாரம் ஆயிற்று.

போட்ட இடம் சிறப்புக் காவல் படையின் ஒரு பட்டாலியன். இங்கே ஸ்டேஷன் இல்லை, எஃப்.ஐ.ஆர். இல்லை. திருவிழா, தேர்தல், வெள்ளம் என்று எங்கே ஆள் வேண்டுமோ அங்கே கம்பெனி கம்பெனியாகப் போவார்கள். டெல்லி திகார் சிறையில் காவல் நிற்பதும் இந்தப் படையின் ஒரு பட்டாலியன்தான். தலைமை அதிகாரிக்குப் பெயர் தளவாய். நாயக்கர் காலத்துச் சொல், இன்றும் எங்கள் ரப்பர் ஸ்டாம்பில் இருக்கிறது.

சேர்ந்த நாள் காலை ஒன்பதே முக்காலுக்கே கேட்டில் நின்றேன். பாரா டியூட்டியில் இருந்தவர் ஆணையை இரண்டு தடவை படித்துவிட்டு உட்காரச் சொன்னார். அதிகாரிகள் எல்லோரும் மைதானத்தில். சேர்க்கை அறிக்கையில் கையெழுத்து விழும்போது மதியச் சாப்பாடே முடிந்திருந்தது. அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எனக்குக் கொடுத்தது பயணப்படி சீட், அதாவது அந்த வேலைக்கான மேஜை. தபால் வந்தால் தன் பதிவேட்டில் ஏற்று, குறிப்பு எழுதி, வரைவு வைத்து, சூப்பிரண்ட் சாருக்கு அனுப்ப வேண்டும். டாட்டன்ஹாம் முறை என்பார்கள். வெள்ளைக்காரன் காலத்து ஏற்பாடு. ஒரு மாதத்தில் கை பழகிவிடும். பழகாதது பில்தான்.

அந்த வருஷம் நவம்பர் 26 திருவண்ணாமலை தீபம். ஆட்கள் போய்த் திரும்பியதும் மேஜையில் கட்டு கட்டாக டி.ஏ. பில், அதாவது பயணப்படி பில். புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம், திரும்பிய நேரம் எல்லாம் மணிக்கணக்கில். படி முழுசா பாதியா என்பது அதில்தான் இருக்கிறது. 43 பேருக்குத் திரும்பிய நேரத்தில் 'பி.ப.' என்று அடிக்க வேண்டிய இடத்தில் 'மு.ப.' அடித்துவிட்டேன். கருவூலத்திலிருந்து ஆட்சேபணையோடு மொத்தக் கட்டும் திரும்பி வந்தது. சூப்பிரண்ட் சார் திட்டவில்லை. "இந்த 43 பேரும் சொந்தக் காசு போட்டுச் சாப்பிட்டவங்கம்மா" என்று மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம்.

இரண்டாம் வருஷம் பணிப்பதிவேடு சீட்டுக்கு மாற்றினார்கள். உண்மையில் வேலை கற்றது இங்கேதான். பட்டாலியனில் சில வருஷம் கழித்தவர்களுக்குச் சீனியாரிட்டிப்படி மாவட்ட ஆயுதப்படைக்கு மாறுதல் வரும். சொந்த ஊர்ப் பக்கம் போகும் வழி அது. கூடவே எஸ்.ஆர். என்கிற பணிப்பதிவேடும் கடைசி ஊதியச் சான்றும் போக வேண்டும். ஒருவருடைய எஸ்.ஆரைப் புரட்டினால் ஆறு வருஷத்துக்கு முந்தைய மருத்துவ விடுப்பு ஏறவே இல்லை. விடுப்பு ஆணை கோப்பில் இருக்கிறது, பதிவேட்டில் இல்லை. அவர் என் மேஜை முன்னால் 'விறைப்பாக' நின்றார். "உட்காருங்கண்ணே" என்றேன். "பரவாயில்லைங்க மேடம்." என்னைவிடப் பத்து வயது மூத்தவர். யூனிஃபார்மில் இருப்பவர்கள் கிளர்க் முன்னால் உட்கார மாட்டார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் கூச்சம்தான்.

பழைய கோப்பை ரெக்கார்டு ரூமில் தேடி எடுக்க நான்கு நாள். விடுப்பை ஏற்றி, தளவாய் கையெழுத்து வாங்கி, அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு ஊதிய உயர்வையும் சரிபார்த்து அனுப்பினேன். புதிதாக இந்தத் துறைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: சீட் ஏற்றதும் முதல் வாரத்திலேயே எல்லா எஸ்.ஆரையும் ஒரு புரட்டு புரட்டிவிடுங்கள். மாறுதல் ஆணை வந்தபிறகு தேடினால் அவர் கிளம்ப முடியாமல் உங்கள் வாசலில் நிற்பார்.

நடுவில் பவானிசாகரில் புதிய அரசு ஊழியர்களுக்கான அடிப்படைப் பயிற்சி. வகுப்பைவிட, மற்ற துறைகளில் சேர்ந்தவர்களோடு பேசியதுதான் உபயோகம். துறைத் தேர்வில் கணக்குத் தாள் முதல் தடவை போயிற்று, இரண்டாவதில் தேறினேன்.

2025 கடைசியில் தகுதிகாண் பருவம் முடிந்ததற்குக் குறிப்பு வைக்க என் சொந்த எஸ்.ஆரை முதன்முதலாகத் திறந்தேன். பணியில் சேர்ந்த நாளுக்குப் பக்கத்தில் 'பி.ப.' மதியத்துக்கு மேல் சேர்ந்தால் சம்பளம் மறுநாளிலிருந்துதான். கேட்டில் உட்கார்ந்திருந்த அந்த அரை நாள், கணக்கில் ஒரு நாளாகப் போயிருக்கிறது. சூப்பிரண்ட் சாரிடம் காட்டினேன். கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "கையெழுத்து போட்ட நேரம் சரிதானேம்மா?"

சரிதான்.