பட்டியலில் இல்லாத பதினான்கு பேர்

பெங்களூரு வெளிவட்டச் சாலையில் ஒரு ஐடி அலுவலகத்தில் ஏழு வருடம் அட்மின் வேலை பார்த்தேன். ஏசி குளிரவில்லை என்றாலும், குழாயில் தண்ணீர் வரவில்லை என்றாலும் எனக்குத்தான் போன் வரும். பேரிடர்த் திட்டமும் என் தலையில்தான். ஸ்பைரல் பைண்டிங் போட்ட நாற்பது பக்கம். தீ, நிலநடுக்கம், வெடிகுண்டு மிரட்டல் எல்லாம் விலாவாரியாக இருக்கும். வெள்ளத்துக்கு அரைப் பக்கம். கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 900 மீட்டர் மேலே இருக்கிற ஊரில் வெள்ளமாவது ஒன்றாவது என்ற நினைப்பு.

ஊர் மேட்டில்தான் இருக்கிறது, எங்கள் சாலை பள்ளத்தில். மழைநீர் ஏரிக்கு ஏரி வழிந்து பெல்லந்தூருக்கும், அங்கிருந்து வர்த்தூருக்கும் போகவேண்டும். அதற்கான கால்வாய்களை இங்கே ராஜகாலுவே என்பார்கள். பல இடங்களில் அவற்றைக் குறுக்கியும் மூடியும் கட்டடங்கள் எழும்பிவிட்டன. எங்கள் கட்டடம் யோக்கியம் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன்.

2022 செப்டம்பர் 4, ஞாயிறு. மறுநாள் காலைக்குள் நகரில் 130 மில்லிமீட்டருக்கு மேல் மழை. இரவு பதினொன்றரைக்கு எங்கள் எலக்ட்ரீஷியன் கூப்பிட்டார். தருமபுரிக்காரர், ஐம்பது வயதிருக்கும்.

“சார், லிஃப்ட் குழியில தண்ணி வந்துருச்சு. லிஃப்ட் எல்லாத்தையும் மூணாவது மாடிக்கு ஏத்தி நிறுத்திட்டேன். மெயினை ஆஃப் பண்ணிடவா?”

திட்டத்தின்படி மெயினை அணைக்க மூன்று பேர் மின்னஞ்சலில் ஒப்புதல் தரவேண்டும். “பண்ணிடுங்கண்ணே” என்றேன். கட்டடத்திலேயே தாழ்வான இடம் லிஃப்ட் குழிதான், அதில் தண்ணீர் தெரிந்தால் அடுத்தது பேஸ்மென்ட் என்று பிறகு சொன்னார். டிஜி செட் என்கிற டீசல் ஜெனரேட்டரும் யுபிஎஸ் பேட்டரிகளும் அங்கேதான் இருந்தன. தண்ணீரை இறைக்கிற பம்புக்குக் கரண்ட் வேண்டும், கரண்ட் தருகிற டிஜியோ தண்ணீருக்குள். நாற்பது பக்கத்தைப் பலமுறை திருத்தியவன் நான். இது ஒருமுறைகூட எனக்கு உறைக்கவில்லை.

அப்புறம் மேலதிகாரி கேட்டார், “உள்ளே எத்தனை பேர்?” பட்டியலைத் திறந்தேன். விடுமுறை நாள், பூஜ்யம் என்று காட்டியது. நிஜத்தில் பதினான்கு பேர்: செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், எலக்ட்ரீஷியன். எல்லாரும் கான்ட்ராக்ட் ஆட்கள். அந்தப் பட்டியலோ ஊழியர் அட்டையிலிருந்து எடுக்கப்படுவது. ஃபயர் டிரில்லின்போது ஹவுஸ்கீப்பிங் பெண்கள் துடைப்பத்தோடு பேன்ட்ரி ஓரம் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். “இது எம்ப்ளாயிகளுக்குத்தான், நீங்க வேலையைப் பாருங்கம்மா” என்று நானே சொல்லியிருக்கிறேன்.

பதினான்கு பேரும் இரண்டாவது மாடியில் இரவைக் கழித்தார்கள். எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒரு டைரித் தாளில் பேரும் போன் நம்பரும் எழுதிப் படம் எடுத்து அனுப்பினார். அன்றைக்கு என்னிடம் இருந்த ஒரே சரியான பட்டியல் அதுதான்.

திங்கள் மதியம் நானும் டிராக்டரில்தான் போனேன். மென்பொருள் பொறியாளர்கள் டிராக்டரில் போவதை அந்த வாரம் எல்லா டிவியும் காட்டியது. பன், பிஸ்கட், கூடவே தண்ணீர் கேன். கேனுக்குத்தான் அலைச்சல். மண்டியா மாவட்டம் தொரேகாடனஹள்ளியில் காவிரித் தண்ணீரை ஏற்றி அனுப்பும் நிலையத்துக்குள்ளேயே வெள்ளம் புகுந்து, நகரின் பல பகுதிகளுக்குக் குடிநீர் நின்றுபோயிருந்தது.

ஜன்னலோரம் நின்ற கிருஷ்ணகிரி அக்கா ஒருவர் கீழே பார்த்தபடி சொன்னார்: “இந்தத் தண்ணியெல்லாம் எங்க ஊருக்குத்தான் சார் வரும்.” உண்மைதான். வர்த்தூர் தாண்டித் தென்பெண்ணையில் சேர்ந்து, ஓசூர் கெலவரப்பள்ளி அணை வழியாக அவர் ஊர்ப் பக்கம்தான் போகிறது. பாட்டில், பாலிதீன், எங்கள் பேஸ்மென்ட் டீசல் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு.

டிசம்பரில் அடுத்த டிரில். இந்தமுறை கான்ட்ராக்ட் ஆட்களையும் இறக்கி, வரிசையில் நிற்கவைத்து, பேர் சொல்லி எண்ணினோம். வழக்கமாக ஒன்பது நிமிடத்தில் முடிவது பதினேழு நிமிடம் ஆனது. சாயங்காலமே மின்னஞ்சல் வந்துவிட்டது: போன தடவையைவிட நேரம் ஏன் கூடியது, விளக்கம் தரவும்.