ஆறு வோல்ட் என்று யாரும் கேட்கவில்லை

எங்கள் 1951 செவர்லேயின் டேஷ்போர்டு கடிகாரம் மறுபடியும் ஓடுகிறது. அதற்கு ஏழு மாதம் பிடித்தது. கெட்டுப்போனதில் பாதிப் பழி என்னுடையது. மற்றவருடைய பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் காலத்துக் கார்க் கடிகாரத்தில் முள்ளை நகர்த்துவது ஒரு சின்னச் சுருள்வில்தான். வில் தளர்ந்ததும், இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை, ‘பாயின்ட்’ என்னும் உலோக முனைகள் இரண்டும் தொட்டுக்கொள்ளும். காயிலில் (கம்பிச் சுருளில்) மின்சாரம் பாயும். ‘டக்’ என்று ஓர் உதை. வில் முறுக்கேறி, பாயின்ட் பிரிந்துவிடும். பேட்டரி இறங்கிக் கிடந்தால் அந்த உதைக்குத் தெம்பிருக்காது, பாயின்ட் ஒட்டியபடியே நின்றுவிடும். மழைக்காலம் முழுவதும் ஷெட்டில் கிடந்த எங்கள் வண்டிக்கு நேர்ந்தது இதுதான். பாயின்ட்டைத் தேய்த்து, இறுகிப்போன கிரீஸைக் கழுவியிருந்தால் அன்றைக்கே பிழைத்திருக்கும்.

நான் கொண்டுபோன கடைக்காரர் மூடியைக்கூடத் திறக்கவில்லை. ஒயர்களை மேசையில் இருந்த பேட்டரியில் நேராக வைத்தார். 12 வோல்ட் பேட்டரி. ஒட்டிக்கிடந்த பாயின்ட் வழியே பாய்ந்து காயிலைப் பொசுக்கிவிட்டது. கேட்டால், கார் என்றாலே 12 வோல்ட்தானே என்கிறார்.

விடுவேனா? செவர்லே 12 வோல்ட்டுக்கு மாறியது 1955 மாடலில். ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாய்த் தொழிற்சாலையை மூடியதோ 1954இல். ஆகவே அங்கே பூட்டி இறக்கிய எங்கள் வண்டி 6 வோல்ட் என்று கடை வாசலிலேயே பாடம் நடத்தினேன். நடத்திவிட்டு வீட்டுக்கு வந்து, பொசுங்கிய பழைய இயக்கத்துக்குப் பதிலாக உள்ளே வைக்க, அமெரிக்காவிலிருந்து ஒரு குவார்ட்ஸ் மெஷினுக்கு ஆர்டர் கொடுத்தேன். பார்சல் சுங்கத்தில் பதினெட்டு நாள் நின்றது. ஆதார் நகல் மங்கலாக இருக்கிறதாம், இரண்டு முறை அனுப்பினேன். பிரித்துப் பார்த்தால் மெஷினின் முதுகில் 12 வோல்ட் என்று அச்சடித்திருக்கிறது. விற்பவர் ‘செவர்லே’ என்று போட்டிருந்ததைப் பார்த்த நான் எந்த ஆண்டு வண்டிக்கு என்று பார்க்கவில்லை. அந்தக் கடைக்காரர் இருக்கும் தெருப் பக்கம் இப்போது நான் போவதில்லை.

திருப்பி அனுப்பினால் மறுபடியும் சுங்கம், மறுபடியும் ஆதார். சென்னை ரிச்சி தெருவில் 6 வோல்ட்டை 12 ஆக உயர்த்தும் பூஸ்டர் போர்டு கிடைத்தது, தீப்பெட்டி அளவுதான். மீட்டர் வைத்துப் பார்த்து 12க்குத் திருகிய பிறகே கடிகாரத்தில் இணையுங்கள். கடையிலிருந்து வரும்போது அது எதில் நிற்கும் என்று சொல்ல முடியாது. போர்டுக்கு முன்னால் ஒரு ஃபியூஸும் போடுங்கள். செவர்லே நெகட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் நெகட்டிவ் முனை வண்டியின் உடம்போடு இணைந்திருக்கும், என்பதால் நான் தப்பித்தேன். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பல பாசிட்டிவ் எர்த். அங்கே ஒயரை மாற்றிக் கொடுத்தால் புது மெஷினும் போகும்.

மெஷினைப் பொருத்துவது ஒரு மாலை வேலை. முள் மாட்டும்போது மட்டும் அவசரம் கூடாது. இரண்டையும் சரியாகப் பன்னிரண்டில் வைத்து அழுத்த வேண்டும். நான் முதலில் ஏதோ ஒரு மணியில் மாட்டியதால் நான்கு மணிக்குச் சின்ன முள் மூன்றரையில் நின்றது. டயலை ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள், எண்கள் துணியோடு வந்துவிடும். முள்ளில் பழைய ஒளிரும் பூச்சு இருந்தால் சுரண்டவோ ஊதவோ வேண்டாம். அந்தக் காலப் பூச்சில் ரேடியம் இருக்க வாய்ப்புண்டு.

எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஐந்து வாரம் கழித்து வண்டி கிளம்பவில்லை. போர்டு சும்மா இருக்கும்போதே 20 மில்லிஆம்பியர் உறிஞ்சுகிறது. ஐந்து வாரக் கணக்கில் ஏறக்குறைய 17 ஆம்பியர்-மணி. எங்கள் கிழட்டு பேட்டரி எப்படித் தாங்கும்? கடைசியில் பேட்டரிக்கு ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் போட்டுவிட்டேன். வண்டியை நிறுத்தினால் கடிகாரமும் நின்றுவிடும். எடுக்கும்போது நேரம் வைப்பது மனைவியின் பொறுப்பு. கைப்பேசியைப் பார்த்து வைக்கிறாள்.