பழைய எஸ்யூவில ட்ரெய்லர் இழுக்கணுமா, முதல்ல சூட்டப் பாருங்க

மூணு லட்சம் கிலோமீட்டர் தாண்டின எஸ்யூவில ட்ரெய்லர் இழுக்கலாமான்னு யாராவது கேட்டா, நான் திருப்பிக் கேக்கறது ஒண்ணுதான்: கியர்பாக்ஸ் ஆயில் என்ன கலர்ல இருக்கு? ஆட்டோமேட்டிக் வண்டின்னா டிப்ஸ்டிக்க (ஆயில் அளவு பாக்கற கம்பி) எடுத்து வெள்ளைத் துணில ஒரு சொட்டு வெச்சுப் பாருங்க. செவப்பா தெளிவா இருந்தா நிம்மதி, கருத்துப்போய் தீஞ்ச வாடை அடிச்சா ட்ரெய்லர் பேச்சே எடுக்காதீங்க. (சில வண்டில டிப்ஸ்டிக்கே கிடையாது, அடில படுத்து பிளக்கக் கழட்டித்தான் பாக்கணும், எந்தப் புண்ணியவான் யோசனையோ.)

பவர் பத்தாம நின்னுபோன பழைய வண்டிய விட சூட்டுல போன வண்டிதான் அதிகம். மேடு ஏறும்போது டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜின் சுழற்சிய ஆயில் வழியா கியர்பாக்ஸுக்குக் கடத்தற பாகம்) லாக் ஆகாம வழுக்கிக்கிட்டே இருக்கும், அந்த வழுக்கல் மொத்தமும் சூடா ஆயிலுக்குள்ளதான் எறங்குது. 80, 90 டிகிரில இருக்க வேண்டிய ஆயில் 120ஐத் தாண்டிருச்சுன்னா வேகமா கெட ஆரம்பிச்சிரும், உள்ள இருக்கற சீலெல்லாம் வெறச்சுப்போகும். அதனால என் வண்டில மொத செலவே ரேடியேட்டருக்கு முன்னாடி தனியா ஒரு ஆயில் கூலர், கூடவே ஆயில் சூடு காட்டற ஒரு மீட்டர். அந்த மீட்டர் வந்தப்புறம்தான் மேட்டுல எப்ப கியரக் கொறைக்கணும்னு கண்ணால பாத்து ஓட்டறேன். ஓவர்டிரைவ (ஹைவேல ஓடறதுக்கான உச்ச கியர்) ஆஃப் பண்ணா கியர் மாறி மாறித் தடுமாறறது நிக்குது, சூடும் எறங்குது.

ரேடியேட்டரையும் அதோடயே மாத்திருங்க. நெறைய வண்டில கியர் ஆயில் குளிர்ற குழாய் ரேடியேட்டர் டேங்குக்குள்ளயே போகுது, வயசாகி உள்ள ஓட்ட விழுந்தா கூலன்ட்டும் ஆயிலும் கலந்து ரோஸ் மில்க் மாதிரி ஆயிரும், அப்புறம் கியர்பாக்ஸுக்கு சங்குதான். பிளாஸ்டிக் டேங்கும் அலுமினியமும் சேர்ற விளிம்புல கூலன்ட் காஞ்ச தடம் தெரியுதான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. ரேடியேட்டர் ஃபேன் விஸ்கஸ் ஃபேனா (உள்ள இருக்கற கெட்டித் திரவத்தோட பிடிப்புல சுத்தறது) இருந்தா, இன்ஜின் ஆஃப்ல இருக்கும்போது கையால சுத்தி விடுங்க, தடையே இல்லாம சும்மா சுத்திக்கிட்டே இருந்தா அதுவும் போச்சு.

பிரேக் ஆயிலுக்கு காத்துல இருக்கற ஈரத்த இழுக்கற குணம் உண்டு. டாட் 4ங்கற பிரேக் ஆயில் ரகம் புதுசுல கொறஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது, ஈரம் ஏறிருச்சுன்னா 155 பக்கமே கொதிச்சிரலாம். பின்னாடி லோடோட எறக்கத்துல வரும்போது பெடல் பொதுக்குன்னு தரைக்குப் போறத நெனச்சுப் பாருங்க. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்தறதுக்கு சோம்பல் படாதீங்க, கனமான ட்ரெய்லர்னா அதுக்குன்னு தனி பிரேக்கும் வேணும்.

அடுத்தது எடைக் கணக்கு, இதுல நெறைய பேர் கோட்ட விடறாங்க. ட்ரெய்லர் எடைல 10லேருந்து 15% கொக்கி மேல உக்காரணும், கொறஞ்சா பின்னாடி ஆட ஆரம்பிச்சிரும். 2000 கிலோ ட்ரெய்லர்னா 200லேருந்து 300 கிலோ. அது வண்டியோட பேலோடுலதான் (வண்டி மேல ஏத்தலாம்னு அனுமதிச்ச மொத்த எடை) கழியும், பேலோடு 550 கிலோன்னு போட்டிருந்தா மிச்சத்துல நாலு பெரியவங்க ஏறினாலே கணக்கு முடிஞ்சுது, பொட்டி படுக்கைக்கு எடமில்ல.

பின் ஸ்பிரிங்குக்குள்ள ஏர்பேக் (காத்தடைக்கற பை, விபத்துல விரியறது இல்ல) போட்டுக்கிட்டு 'இப்ப இன்னும் வெயிட் ஏத்தலாம்'ங்கறவங்கள பாத்தா எனக்கு கடுப்பாகும். பின்பக்கம் தொங்காம நிக்கும், அவ்ளோதான், ஆக்சிலும் பிரேக்கும் சேஸிஸும் அதே பழசுதான். வண்டிய ஒசத்தற லிஃப்ட் கிட், பெரிய டயரு இதெல்லாம் இழுக்கற வேலைக்கு நேர் எதிரி, டயர் பெருசாக ஆக கியர் இழுவை கொறையும், பிரேக்குக்கும் பாரம் கூடும். டயர்ல பாக்க வேண்டியது லோடு இண்டெக்ஸும் (டயர் எவ்ளோ எடை தாங்கும்னு காட்டற எண்) டயர் பக்கவாட்டுல நாலு இலக்கத்துல இருக்கற தயாரிப்பு வாரம், வருஷமும்தான், 2319னா 2019ல 23வது வாரம்.

எனக்கு இன்னும் பின் டிஃபரன்ஷியல் (பின் ஆக்சில் நடுவுல இருக்கற கியர் பெட்டி) ஆயிலும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் கிராஸும் (பின்னாடி சுழற்சியக் கொண்டுபோற தண்டோட மூட்டு) பாக்கி. கொக்கி போல்ட் எறங்கற எடத்துல சேஸிஸ சுத்தியலால தட்டிப் பாத்தேன், துரு மேலோடதான், கணீர்னு சத்தம் வருது.